முப்பது வீதம் என்றால் எதில் முப்பது வீதம்?

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து அமர்ந்திருந்தேன். கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு தம்பி வந்தார். நீண்ட நாள் பழக்கம். நாணயமான மனிதர். தேநீர் வந்ததும் விடயத்தைத் தொடங்கினார்.

“நானா, மகன் கட்டாரில இருந்து கோல் எடுத்தான். இந்தியாவில பயோகோன் எண்டு ஒரு மருந்துக் கம்பனியாம். இந்த வருசம் முப்பது வீதம் பங்கிலாபம் அறிவிச்சிருக்காம். கூட வேல செய்ற இந்தியக்காரர் தன்ட பேர்ல வாங்கித் தாறன் எண்டு சொல்றாராம். பத்து லட்சம் போட்டா வருசத்துக்கு மூணு லட்சம். பேங்க்ல போட்டா வட்டி, அது நமக்கு வாணாம். இது வியாபாரம்தானே?”

அந்தப் பத்து லட்சம் என்ன காசு என்று கேட்டேன். பாதி, பருவத்துக்குக் கருவாடு கொள்முதல் செய்யும் முதல். மீதி, மகளுக்கு வீடு கட்ட எடுத்து வைத்தது.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு கேள்வி ஏதோவொரு நாளில் வரத்தான் செய்கிறது. கம்பனியின் பெயர் மாறும், சொல்லும் ஆள் மாறுவார், ஆனால் கணக்கு ஒன்றுதான். ஆகவே அன்று அவருக்குத் தாளில் எழுதிக் காட்டியதை, பின்னர் நடந்தவற்றையும் சேர்த்து, வியாபார நண்பர்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இந்தப் பங்கை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது என் நோக்கமல்ல. ஒரு கம்பனி தன் பங்குதாரருக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பதைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்வதே நோக்கம்.

யாரும் பொய் சொல்லவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டாரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை. கம்பனியும் பொய் சொல்லவில்லை. 2022-23 நிதியாண்டுக்கு பயோகோன் முப்பது வீதப் பங்கிலாபம் அறிவித்தது உண்மை. கேட்க வேண்டிய கேள்வி, எதில் முப்பது வீதம் என்பதுதான்.

இந்தியாவில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு முகப்பெறுமதி உண்டு. பயோகோன் பங்கின் முகப்பெறுமதி 5 இந்திய ரூபா. அதில் முப்பது வீதம் என்றால் 1 ரூபா 50 பைசா. அந்த நாட்களில் அதே பங்கைச் சந்தையில் வாங்க ஏறத்தாழ 230, 240 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. 240 ரூபா கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது 1 ரூபா 50 பைசா. அது முப்பது வீதமல்ல, 0.6 வீதம். பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபா சொச்சம். மூன்று லட்சம் எங்கே, ஆறாயிரம் எங்கே!

நம் நாட்டில் இந்தக் குழப்பம் குறைவு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தோடு முகப்பெறுமதி என்ற ஏற்பாடே இங்கு இல்லாமல் போனது. அதனால் கொழும்பில் உள்ள கம்பனிகள் பங்கொன்றுக்கு இத்தனை ரூபா இத்தனை சதம் என்றுதான் பங்கிலாபத்தை அறிவிக்கின்றன. இந்தியச் செய்திகளில் இன்னும் வீதம் வரும். பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல், “ஒரு பங்குக்கு எத்தனை ரூபா? அந்தப் பங்கு இன்று என்ன விலை?” என்று இரண்டு கேள்வி கேட்டு, முதலாவதை இரண்டாவதால் பிரித்து, நூறால் பெருக்கிவிட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

பப்பாசிப் பாலும் மீன் வயிற்றுப் பையும்

இந்தக் கம்பனியின் கதை நம் கரையோர மக்களுக்கு அந்நியமானதல்ல. 1978இல் கிரண் மசும்தார்-ஷா என்ற பெண்மணி, அயர்லாந்துக் கம்பனியொன்றோடு கூட்டாக, பெங்களூரில் 10,000 ரூபா முதலுடன் இதைத் தொடங்கினார். முதலில் செய்த சரக்கு இரண்டு. ஒன்று பப்பாசிப் பாலிலிருந்து எடுக்கும் நொதியம். மற்றது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் பசை போன்ற பொருள். நாம் மீன் வெட்டும்போது ஓரமாக எறிந்துவிடும் அந்தப் பைதான். மேல்நாட்டில் பியரைத் தெளிய வைக்க அதை வாங்கினார்கள்.

அங்கிருந்து கம்பனி மருந்துப் பக்கம் திரும்பியது. பழைய நொதியப் பிரிவை 2007இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் கம்பனிக்கு 115 மில்லியன் டொலருக்கு விற்றது. இன்சுலின், புற்றுநோய் மருந்துகள், உயிருள்ள கலங்களைக் கொண்டு உண்டாக்கும் மருந்துகளின் மாற்றுச் சரக்குகள் என்று வளர்ந்தது. பொதுமக்களுக்குப் பங்கு விற்றது 2004 மார்ச்சில். விலை 315 ரூபா. ஏப்ரல் 7ஆம் திகதி சந்தையில் வர்த்தகம் தொடங்கியது.

அன்று ஒருவர் ஒரே ஒரு பங்கு வாங்கி, விற்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2008இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தார்கள். அவரிடம் இரண்டு பங்கு. 2017இல் ஒன்றுக்கு இரண்டு கொடுத்தார்கள். இப்போது ஆறு. 2019இல் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. இப்போது பன்னிரண்டு. ஆக, 315 ரூபா கொடுத்தவரின் கையில் பன்னிரண்டு பங்கு. ஒரு பங்கின் அடக்க விலை 26 ரூபா 25 பைசா.

இங்கே இரண்டாவது மயக்கம் இருக்கிறது. போனஸ் பங்கு இலவசமாக வந்த காசு என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு முழு ரொட்டியை இரண்டாக வெட்டினால் ரொட்டி கூடாது, துண்டுதான் கூடும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்த நாளில் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாகும். விலை வரலாற்றைப் பார்ப்பவர் இதை அறியாவிட்டால் இரண்டு விதமாகவும் ஏமாறுவார். “315க்கு வாங்கியது இன்று 330தானா, இருபது வருடத்தில் பதினைந்து ரூபாவா?” என்று கேட்பவரும் பிழை. “ஒன்று பன்னிரண்டாகிவிட்டது, பன்னிரண்டு மடங்கு இலாபம்” என்று அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்பவரும் பிழை. பங்கின் எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் மாதத்தில் கம்பனி பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குப் புதிய பங்குகளை 330 ரூபா வீதம் விற்று 4,500 கோடி ரூபா திரட்டியது. அந்த விலையை அளவுகோலாக எடுப்போம். பன்னிரண்டு பங்கு, தலா 330. மொத்தம் 3,960 ரூபா. 315 ரூபா இருபத்தொரு வருடத்தில் 3,960 ஆனது. பன்னிரண்டரை மடங்கு. ஆண்டுக்கு ஆண்டு கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 12½ வீத வளர்ச்சி. பங்கிலாபத்தையும் சேர்த்தால் இன்னும் சிறிது கூடும்.

நல்ல வருமானம்தான். ஆனால் வியாபாரி இங்கே நின்றுவிடக் கூடாது. அதே காசை வேறொன்றில் போட்டிருந்தால் என்று கேட்க வேண்டும். 2004இல் இந்தியாவில் பத்துக் கிராம் தங்கம் ஆறாயிரம் ரூபாவை ஒட்டி இருந்தது. 2025 நடுப்பகுதியில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அதாவது பதினைந்து மடங்குக்கு மேல். ஒரு சதம் பங்கிலாபம் தராத, கூட்டம் கூட்டாத, ஆண்டறிக்கை அச்சிடாத தங்கம், புகழ்பெற்ற ஒரு மருந்துக் கம்பனியை விட முன்னால் நின்றது. தங்கம் எப்போதும் இப்படி ஓடும் என்று நான் சொல்லவில்லை. தங்கம் நன்றாக ஏறிய ஒரு காலத்தை இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்பிடாமல் எந்த வருமானத்தையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

எப்போது வாங்கினார் என்பதும் கணக்குத்தான்

மேலே சொன்னது 2004இல் வாங்கியவரின் கதை. அவருக்கும் பாதை இலகுவாக இருக்கவில்லை. 2008 கடைசியில் உலகச் சந்தைகள் விழுந்தபோது, போனஸைக் கணக்கில் சேர்த்த பிறகும் அவரது பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழே போனது. நாலரை வருடம் காத்திருந்து நட்டத்தில் நின்றார். அந்த நேரத்தில் மகளின் திருமணமோ கடையின் நெருக்கடியோ வந்து விற்க வேண்டியிருந்தால், பின்னால் வந்த பன்னிரண்டு மடங்கு அவருக்கு இல்லை.

இன்னொருவர் 2020 இறுதியில் வாங்குகிறார். கொரோனா காலம், மருந்துக் கம்பனி என்றாலே எல்லோரும் ஓடிய காலம். விலை 450 ரூபாவுக்கு மேல். 2023 மார்ச்சில் அது 200 ரூபாவை ஒட்டி வந்தது. முதலில் பாதிக்கு மேல் போய்விட்டது. 2025இல் 330 என்ற விலையிலும் அவர் நட்டத்தில்தான் இருந்தார். கடைசி மூன்று நிதியாண்டுகளுக்கு அவருக்கு வந்த பங்கிலாபம்? 2022-23க்கு 1 ரூபா 50 பைசா, 2023-24க்கு 50 பைசா, 2024-25க்கு 50 பைசா. மூன்று வருடத்துக்கும் சேர்த்து இரண்டரை ரூபா. 120 ரூபா குழியை இரண்டரை ரூபாவால் மூட முடியுமா?

ஒரே கம்பனி, ஒரே பங்கிலாபம். 2004இல் வாங்கியவரின் பன்னிரண்டு பங்குக்கு 2022-23இல் 18 ரூபா கிடைத்தது. அவர் போட்ட 315க்கு அது 5.7 வீதம். 2023இல் வாங்கியவருக்கு 0.6 வீதம். ஆகவே, “இந்தக் கம்பனி நல்ல பங்கிலாபம் தருகிறதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. “நான் இன்று கொடுக்கும் விலைக்கு என்ன தருகிறது?” என்பதே கேள்வி.

இந்தத் தொழில் ஏன் கையை இறுக்கி வைத்திருக்கிறது?

நம் மாவட்டத்தில் தென்னந்தோட்டம் தெரியாதவர் இல்லை. காய்க்கும் தோட்டத்தை வாங்கினால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காய் பறித்துக் காசாக்கலாம். அதுதான் பங்கிலாபம். கன்று வைத்த தோட்டத்தை வாங்கினால் ஆறேழு வருடம் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, காவல் காக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டக்காரர் உங்களுக்குக் காய் தரவில்லை என்று குறை சொல்ல முடியாது. உயிரியல் தொழில்நுட்ப மருந்துக் கம்பனி பெரும்பாலும் கன்றுத் தோட்டம். ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, பரிசோதித்து, அரசு அனுமதி பெற்று விற்பதற்குப் பத்து வருடம்கூடப் போகும். பயோகோன் பங்குச் சந்தைக்கு வந்தது 2004இல். மார்பகப் புற்றுநோய்க்கான அதன் மாற்று மருந்துக்கு அமெரிக்க அனுமதி, மைலான் கம்பனியோடு சேர்ந்து, 2017 டிசம்பரில்தான் கிடைத்தது.

அதோடு இறால் பண்ணையின் ஆபத்தும் இதில் உண்டு. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது நம் களப்போரத்துப் பண்ணைகளுக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. தீவனம், மின்சாரம், கூலி எல்லாம் செலவழித்து, பிடிக்கும் நேரத்தில் குளம் வெறுமையானது. கடைசிக் கட்டப் பரிசோதனையில் ஒரு மருந்து தோற்றாலும் அதே கதைதான். ஆகவே இலாபத்தைப் பங்கிட்டுக் கொடுக்காமல் அடுத்த முயற்சிக்குச் சேமித்து வைப்பது இந்தத் தொழிலில் கஞ்சத்தனமல்ல, தேவை.

அமெரிக்காவின் அம்ஜென் கம்பனி இதற்குச் சிறந்த உதாரணம். 1980இல் தொடங்கி 1983இல் சந்தைக்கு வந்தது. முதல் பங்கிலாபம் கொடுத்தது 2011இல். இருபத்தெட்டு வருடம் ஒரு சதம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்குள் இரத்தச்சோகை மருந்தால் உலகப் பெரும் கம்பனியாகி, பங்குதாரரின் முதலைப் பல மடங்காக்கியது. கொடுக்கத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் கூட்டியது. 2011இல் மூன்று மாதத்துக்கு 28 சதம். 2025இல் மூன்று மாதத்துக்கு 2 டொலர் 38 சதம். கன்று மரமாகி, மரம் காய்க்கத் தொடங்கிய கதை.

அதற்கு எதிர்க் கதையும் இருக்கிறது. கிலியட் என்ற அமெரிக்கக் கம்பனி, ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு 2013இல் சொவால்டி என்ற மாத்திரையையும் 2014இல் ஹார்வோனி என்ற மாத்திரையையும் கொண்டுவந்தது. சொவால்டி ஒரு மாத்திரை 1,000 டொலர். நோய் பெரும்பாலானோருக்குப் பூரணமாகக் குணமானது. 2015இல் இந்த மருந்துகளின் விற்பனை மட்டும் 19 பில்லியன் டொலர். அதே வருடம் முதல் பங்கிலாபம் கொடுக்கத் தொடங்கினார்கள், மூன்று மாதத்துக்கு 43 சதம். பிறகு ஒவ்வொரு வருடமும் கூட்டினார்கள். 2020இல் 68 சதம்.

பங்கிலாபப் பட்டியலை மட்டும் பார்த்தால் அருமையான கம்பனி. ஆனால் நடந்தது என்ன? குணமானவர் மறுபடி மருந்து வாங்க வருவதில்லை. நம் மொழியில் சொன்னால், வாடிக்கையாளரைத் திரும்பி வராதபடி அனுப்பிவிட்ட கடை. போட்டிக் கம்பனிகளும் வந்தன. 2018இல் அந்த விற்பனை 4 பில்லியனுக்கும் கீழே இறங்கியது. 2015 நடுப்பகுதியில் 120 டொலர் வரை போன பங்கு, 2020 கடைசியில் 60 டொலருக்குக் கீழ். பங்கிலாபம் கூடியது, முதல் பாதியானது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. விலை விழுந்தபடியால் பங்கிலாப வீதம் உயர்ந்து, நாலரை வீதத்துக்கு மேல் என்று அழகாகத் தெரிந்தது. பங்கிலாப வீதம் உயர்ந்து தெரிந்தால், மேலே உள்ள எண் கூடியதாலா, கீழே உள்ள விலை விழுந்ததாலா என்று பார்க்காமல் சந்தோஷப்படக் கூடாது.

கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது?

கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுப்பதெல்லாம் இலாபமல்ல என்பது கடை நடத்தும் எவருக்கும் தெரியும். சரக்கு விற்ற இலாபமாகவும் இருக்கலாம், கடன் வாங்கியதாகவும் இருக்கலாம், கடையின் ஒரு பகுதியை விற்றதாகவும் இருக்கலாம்.

பயோகோன் 2022 பெப்ரவரியில், வயாட்ரிஸ் கம்பனியின் மாற்று மருந்து வியாபாரத்தை 3.3 பில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்குவதாக அறிவித்து, அதே வருடம் நொவெம்பரில் வாங்கி முடித்தது. இதற்காகப் பெருங்கடன் ஏறியது. இந்தப் பின்னணியில் மூன்று வருடங்களைப் பாருங்கள். 2022-23இல் நிகர இலாபம் ஏறத்தாழ 460 கோடி. பங்கிலாபம் 120 கோடிப் பங்குக்கு 1 ரூபா 50 பைசா வீதம் 180 கோடி. அதாவது இலாபத்தில் நூற்றுக்கு 39. அடுத்த வருடம் இலாபம் 1,020 கோடி அளவுக்கு உயர்ந்தது. பங்கிலாபமோ மூன்றில் ஒன்றாகக் குறைந்து 60 கோடி, இலாபத்தில் நூற்றுக்கு ஆறு. 2024-25இலும் அதே 50 பைசா.

இலாபம் கூடும்போது பங்கிலாபம் ஏன் குறைய வேண்டும்? கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியது முதலில். அதோடு, இலாபம் முழுவதும் சரக்கு விற்று வந்ததல்ல. 2024-25 கணக்கில், இந்தியாவில் இருந்த தன் மருந்து வியாபாரத்தின் ஒரு பகுதியை ஏரிஸ் கம்பனிக்கு 1,242 கோடிக்கு விற்றதால் கிடைத்த இலாபமும் சேர்ந்திருக்கிறது. அது மறுவருடம் வராது. 2025இல் புதிய பங்குகளை விற்றதும் கடன் பாரத்தை இறக்கவே. புதிய பங்கு வந்தால் அதே ரொட்டியில் இன்னும் சிலர் கை வைக்கிறார்கள் என்பதையும் பழைய பங்குதாரர் கணக்கில் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கடன் இருக்கும்போது பங்கிலாபத்தைக் குறைத்தது குற்றமல்ல. கடன் வாங்கிப் பங்கிலாபம் கொடுத்துப் பேர் வாங்கும் கம்பனிதான் பயப்பட வேண்டியது. நம் கம்பனிகள் சட்டமும், பங்கிலாபம் கொடுக்கு முன், கொடுத்த பின்னும் கம்பனி கடன்களைத் தீர்க்கும் நிலையில் இருக்கும் என்று பணிப்பாளர்கள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது.

இதை நான் சொந்தக் காசு கொடுத்துப் படித்தவன். போர் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை துள்ளிக் குதித்த காலம். 2011 பெப்ரவரியில் விலைச் சுட்டி 7,800ஐத் தாண்டியது. ஒரு கம்பனி அந்த வருடம் கொடுத்த பங்கிலாபத்தைப் பார்த்து, பெயர் வேண்டாம், கடை முதலிலிருந்து எடுத்துப் போட்டேன். ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. அது காணியொன்றை விற்ற காசில் கொடுத்த பங்கிலாபம். அடுத்த வருடம் ஒன்றும் வரவில்லை. 2012 நடுப்பகுதியில் சுட்டி 5,000க்கும் கீழே. நோன்புப் பெருநாளைக்குச் சரக்கு எடுக்கக் காசில்லாமல், பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்தேன். அறிக்கையின் ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் போதும்.

ரூபாவும் வரியும்

கையில் வருவதை எண்ணுவதற்கு முன் இன்னும் இரண்டு கழிவு இருக்கிறது. இங்கு பங்கிலாபத்தில் 15 வீதம் வரியைப் பிடித்துக்கொண்டே தருகிறார்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பங்கிலாபம் பெறுபவரின் கையில் வரி விழுகிறது. மற்றது, பணத்தின் பெறுமதி. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. அந்த வருடம் ஒரு கம்பனி 12 வீதம் பங்கிலாபம் கொடுத்திருந்தாலும், அரிசி மூட்டைக் கணக்கில் பார்த்தால் அந்தப் பங்குதாரர் ஏழையாகத்தான் ஆனார்.

வட்டி இல்லை என்பது மட்டும் போதுமா?

“வட்டி வேண்டாம் என்றுதான் பங்கு” என்று அந்தத் தம்பி சொன்னார். நல்ல எண்ணம். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. முதலில் கம்பனி செய்யும் தொழில் ஆகுமானதா என்று பார்க்க வேண்டும். பியர் ஆலைக்குப் பொருள் விற்ற கம்பனி பிறகு இன்சுலின் கம்பனி ஆனதைப் பார்த்தோம். தொழில் மாறும், ஆகவே இந்தப் பார்வையும் ஆண்டுதோறும் தேவை. அடுத்தது கடன். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பான ஆஓய்ஃபியின் அளவுகோல்படி, வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தையும், ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 வீதத்தையும் தாண்டக் கூடாது. பெரும் கொள்வனவுக்குக் கடன் வாங்கும் கம்பனி ஒரு வருடம் இந்தக் கோட்டுக்குள் இருந்து மறு வருடம் வெளியே போகலாம். உள்ளே இருந்தாலும், ஆகாத வருமானத்தின் அளவுக்குப் பங்கிலாபத்திலிருந்து எடுத்துத் தர்மம் செய்து சுத்தப்படுத்த வேண்டும். பங்குக்கு ஸகாத் எப்படி என்பதை, விற்று இலாபம் பார்க்க வாங்கியதா, வைத்திருந்து பலன் பெற வாங்கியதா என்று சொல்லி, அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பெயரில் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் பங்கு அவருடையது. வரி அவர் பெயரில். அவர் மௌத்தானால் பங்கு அவரது வாரிசுகளுக்கு. நம்மிடம் இருப்பது வட்ஸ்அப் செய்தி மட்டும். இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்குவது அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டது. வழி இருந்தால் நேர்வழியாக, வங்கி மூலம், சொந்தப் பெயரில். இல்லையென்றால் வேண்டாம்.

ஒரு தாள் போதும்

எந்தக் கம்பனியானாலும் ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்.

1. கடந்த பத்து வருடமும் ஒரு பங்குக்கு எத்தனை ரூபா பங்கிலாபம்? ஒரு வருடம் மட்டும் பார்ப்பது ஒரு முறை பறித்த காயைப் பார்த்துத் தோட்டம் வாங்குவது போன்றது.

2. இடையில் போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு நடந்ததா? நடந்திருந்தால் பழைய எண்களை இன்றைய பங்குக்குச் சமமாக மாற்றுங்கள். 2019 போனஸுக்கு முந்திய ஒரு ரூபா, இன்றைய கணக்கில் 50 பைசா.

3. இன்றைய விலைக்கு அது எத்தனை வீதம்? வரி போக எத்தனை?

4. இலாபத்தில் எத்தனை பங்கைக் கொடுக்கிறார்கள்? அந்த இலாபம் சரக்கு விற்றதிலா, சொத்து விற்றதிலா?

5. கடன் கூடுகிறதா, குறைகிறதா?

6. பத்து வருடத்துக்கு முன் 100 ரூபா போட்டவரிடம், பங்கின் பெறுமதியும் பங்கிலாபமும் சேர்த்து இன்று எவ்வளவு? அதே 100 ரூபா தங்கத்தில், காணியில், உங்கள் கடையில் இருந்திருந்தால் எவ்வளவு?

7. இந்தக் காசு எனக்கு எப்போது தேவை? மூன்று வருடத்துக்குள் தேவையான காசு பங்குக்கான காசல்ல.

கடைசிக் கேள்வியைத்தான் அன்று அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். வருடத்தில் பலமுறை சுழலும் கருவாட்டு முதலை எடுத்து, ஆண்டுக்கு 0.6 வீதம் தரும் ஒன்றில், அதுவும் இன்னொருவர் பெயரில் போடப் பார்த்தார். விலை ஏறியிருந்தால் இலாபம் வந்திருக்கும், உண்மைதான். 240க்கு வாங்கி 330க்கு விற்றவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அவர் வாங்க நினைத்தது விலையேற்றத்துக்காக அல்ல, வருடம் மூன்று லட்சத்துக்காக. அந்த மூன்று லட்சம் எங்கும் இருக்கவில்லை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பருவத்துக்குக் கொள்முதல் செய்தார். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். இப்போதும் யாராவது வீதம் சொல்லிக்கொண்டு வந்தால், தேநீர் வருவதற்கு முன்பே அவர் கேட்கிறாராம்: “எதில வீதம்?”